மைமூனின் களா நோன்பு

கால்வலிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில்தான் அந்தப் படிவத்தைப் பார்த்தேன். நான் பழைய ஆஸ்பத்திரி ஆயா என்று தெரிந்ததும் பெண்கள் வார்டில் இருந்த இரண்டு இளம் மிசிகள் என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள். எங்கள் ஊரில் நர்ஸ்களை அன்றும் மிசி என்போம், இன்றும் மிசிதான். நோயாளியைச் சேர்க்கும்போது கேட்கவேண்டியதெல்லாம் இப்போது அச்சடித்தே வருகிறது என்று பெருமையாகக் காட்டினார்கள். அதில் ஒரு வரி, "சமயக் காரணத்தால் உணவு தவிர்ப்பவரா?" பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம்.

"இதுல ஒரு டிக் போட்டா போதும் மாமி, சமையல்கட்டுக்குச் சீட்டு போயிரும். நாங்க மேல ஒண்ணும் கேக்கமாட்டோம். மத விஷயம்லா, நமக்கு எதுக்கு சூசா, வீண் தொல்லை?" என்றாள் சின்ன மிசி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு மட்டும் எப்படியோ இருந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு அதுவே உறுத்தியது. அந்த மாதிரி ஒரு டிக்கை அந்தக் காலத்தில் நான் என் வாயாலேயே போட்டிருக்கிறேன். அதனால் ஒரு பெண்பிள்ளை சாகக் கிடந்தாள். அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் சொந்தக் கதை சிறியது. கணவர் துறைமுகத்தில் தொங்கான் என்கிற சரக்குப் படகு ஓட்டியவர். எனக்கு இருபத்திரண்டு வயதாக இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். பினாங்கில் அப்போது பெண்களுக்கென்று ஒரு சிறு ஆஸ்பத்திரி இருந்தது. இன்று அந்தக் கட்டடமே இல்லை, பெயர் எதற்கு? அங்கே தரை துடைக்கச் சேர்ந்தேன். இரண்டு வருஷத்தில் பாத்திரம் கொதிக்கவைப்பது, காய்ச்சல் பார்ப்பது, நாடி எண்ணுவது எல்லாம் கையோடு வந்தன. தமிழும் மலாயும் தெரியும், சீனர் பேசும் ஹொக்கியன் சண்டை போடுகிற அளவுக்குத் தெரியும். ஆகவே டாக்டரம்மா என்னைத் தன் வாயாக வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா வெள்ளைக்காரப் பெண். ஆண்பிள்ளைகள் போடுகிற தடித்த சப்பாத்துதான் காலில் போடுவார். அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தமே இரண்டு தடவை. என்னோடு மலாயில் பேசுவார். நோயாளியின் கட்டிலில் ஒருநாளும் உட்காரமாட்டார். முக்காலியை இழுத்துப் போட்டு, படுத்திருப்பவளின் கண்ணுக்கு நேரே தன் கண் வரும்படி குனிந்து உட்காருவார். ஒரே கேள்வியை மூன்று நாள், மூன்று விதமாக, முன்னும் பின்னுமாக மாற்றிக் கேட்பார். நான் பதிலை மலாயில் சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்து "பெத்துல்?" என்பார். உண்மைதானா என்று அர்த்தம். எனக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "அவள் சொன்னதைச் சொல். நீ நினைப்பதைச் சொல்லாதே. அவள் சொல்லாமல் விட்டது உனக்குத் தெரிந்தால், அதைத் தனியாக என்னிடம் சொல்."

நான் சேர்ந்த சில வருஷத்தில், கடலுக்கு அக்கரையில் ஒரு தோட்டத்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தியைப் படகில் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. எலும்பும் தோலுமாக இருந்தாள், ஆனால் நாள் முழுக்க வார்டில் நடந்துகொண்டே இருப்பாள், உட்காரச் சொன்னால் கோபம் வரும். பூச்சிமருந்து கொடுத்தோம். மலேரியாவுக்கான கொய்னா கொடுத்தோம். அவளுடைய ஆட்கள் வந்து தாயத்துக் கட்டினார்கள். எதுவும் உதவவில்லை, பதினெட்டாம் நாள் இறந்துபோனாள். சோறு வேண்டாம் என்று அவள் தினமும் சொன்னதை நோயின் ஓர் அடையாளம் என்று மட்டுமே எடுத்துக்கொண்டோம். அதுதான் நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலையே டாக்டரம்மா கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றைத் தொடங்கினார். வயிறு நன்றாக இருந்தும் மனத்தால் பட்டினி கிடக்கிற வளரும் பெண்களைப் பற்றி அவருடைய ஊரில் எழுதியிருக்கிறார்களாம். இங்கே அப்படி யாரும் இல்லை என்று மற்ற டாக்டர்கள் சொன்னார்களாம். "இல்லையா, அல்லது நாம் கேட்கவில்லையா?" என்று என்னிடம் கேட்டார். அதன்பிறகு பன்னிரண்டிலிருந்து பத்தொன்பது வயது வரை, காரணம் தெரியாமல் மெலிந்து வருகிற எந்தப் பெண்ணும் அந்த நோட்டில் ஏறினாள். சாப்பாடு எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு மிச்சம், நாடி, தூக்கம், மாதவிலக்கு, யாரோடு பேசினாள், எதற்கு அழுதாள் எல்லாம் உண்டு. செவ்வாய்க்கிழமை காலையில் எடை. டாக்டரம்மாவே நிறுப்பார். பிள்ளை சுவரைப் பார்த்து நிற்கவேண்டும், எண் அவள் கண்ணில் படக்கூடாது. இரண்டு தடவை பார்த்து, இரண்டும் ஒத்துவந்தால்தான் எழுதுவார். நான்கூட அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லக்கூடாது.

மைமூன் வந்தது முப்பதுகளின் தொடக்கத்தில். துணிக்கடை முதலாளியின் மகள், பதினாறு வயது. ரிக்ஷாவிலிருந்து இறங்கும்போதே தாயார் அவளைத் தாங்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் முஸ்லிம் வீட்டுப் பெண்பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது லேசில்லை. மார்க்கம் தடுத்த ஹராமானதைக் கொடுத்துவிடுவார்கள், ஆண்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயம். தாயார் என்னைத் தனியே கூப்பிட்டார். என்னைவிட மூத்தவர், லாத்தா என்றுதான் அழைப்பேன்.

"நம்ம ஆளு ஒருத்தி இங்க இருக்கான்னு கேள்விப்பட்டுத்தான் கூட்டியாந்தேன். புள்ள ரமலான்ல விட்டுப்போன நோன்பை இப்ப களா புடிச்சிக்கிட்டு இருக்கா. அதை மட்டும் யாரும் முறிக்கக்கூடாது. அதுக்கு நீ பொறுப்பு."

"நான் பாத்துக்கிறேன் லாத்தா. சத்தியமா" என்றேன்.

மாதவிலக்கு நாளில் பெண்கள் நோன்பு பிடிக்கமாட்டார்கள். அப்படி விட்டுப்போன நாட்களை ரமலான் முடிந்து வேறு நாளில் பிடித்து நிறைவேற்றுவதுதான் களா. பெண்பிள்ளை தானாக நினைவு வைத்துப் பிடிக்கிறாளே என்று எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் போய், பகலில் இவளுக்கு எதுவும் கொடுக்கக்கூடாது, விடிவதற்கு முன்னும் மாலைத் தொழுகை அழைப்பான பாங்குக்குப் பிறகும்தான் சாப்பாடு என்று சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "உடம்பு முடியாதவர்களும் பிடிக்கத்தான் வேண்டுமா?"

வேண்டியதில்லை. நோயாளிக்கு விலக்கு உண்டு, சுகமான பிறகு பிடிக்கலாம். குர்ஆன் ஓதப் போன முதல் வருஷமே எனக்கு அது தெரியும். ஆனால் தாயாருக்குச் சத்தியம் செய்துவிட்டேன். அதோடு உள்ளே ஒரு திமிரும் இருந்தது. எங்கள் மார்க்கத்தைப் பற்றி இந்த வெள்ளைக்காரம்மா கேள்வி கேட்பதாவது என்று.

"இவள் பிடித்துத்தான் ஆகவேண்டும்" என்றேன்.

"பெத்துல்?"

"பெத்துல்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பகல் சாப்பாட்டுக் கட்டங்களில் கோடு இழுத்தார்.

மைமூன் தொந்தரவே தராத பிள்ளை. விடியலில் வைத்த தட்டு காலியாக இருக்கும். அந்த நேரத்தில் வார்டில் ஒரே ஒரு ஆயா, அவளுக்கும் பாதித் தூக்கம். சாப்பாடு வயிற்றுக்குத்தான் போனதா என்று யார் பார்த்தது? மாலையில் ஒரு பேரீச்சம்பழம், கொஞ்சம் தண்ணீர், அதற்குமேல் களைப்பாக இருக்கிறது என்பாள். ஏழு நாள் களா என்றாள். ஏழும் முடிந்ததும் போன வருஷத்தது பத்து பாக்கி என்றாள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று டாக்டரம்மா மூன்று நாள் மூன்று விதமாகக் கேட்டார். மூன்று நாளும் வருகிறது என்றே சொன்னாள். நானும் அப்படியே மலாயில் சொன்னேன். இரண்டு செவ்வாய்க்கிழமை எடை இறங்கியது. கை ஐஸ்கட்டியாக இருந்தது. குளிக்கவைக்கும்போது முதுகில் பூனைமயிராக மென்மயிர் முளைத்திருப்பதைப் பார்த்தேன். நாடியை எண்ணினால் அடுத்த துடிப்பு வருமா என்று காத்திருக்கவேண்டியிருந்தது.

மூன்றாம் திங்கட்கிழமை எழுந்து நின்றவள் அப்படியே சரிந்தாள். டாக்டரம்மா அரைமணி நேரம் அவள் மார்பில் குழலை வைத்துக் கேட்டார். பிறகு என்னை வெளியே அழைத்தார்.

"இந்த இதயம் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று எனக்குத் தெரியாது. நாளை காலை ஒன்பது மணிக்குக் குழாய் வழியாகப் பால் ஊற்றப்போகிறேன். அது அவளுக்கு ஆபத்து, ஊற்றாவிட்டால் அதைவிட ஆபத்து. நீ கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்."

மூக்கு வழியாக இரப்பர் குழாயை இறக்குவதை நான் பார்த்திருக்கிறேன். பலசாலிகளே துடிப்பார்கள். நோன்பு பிடித்திருக்கிற பிள்ளையை அமுக்கிப் பிடிப்பதா? அவளுக்குக் குளிர்கிறதே, ஏதாவது கம்பளிச் சட்டை இருக்குமா என்று அவளுடைய தகரப்பெட்டியைத் திறந்தேன்.

அடியில் வெள்ளை மல்துணி ஒரு கட்டு இருந்தது. விலக்கு நாட்களுக்காகத் தாயார் கடைத் துணியில் வெட்டிக் கொடுத்தது. எடுத்துப் பார்த்தேன். கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. முதல் துண்டில் மில்லின் நீல முத்திரை அப்படியே இருந்தது. ஒரு தடவை தண்ணீரில் நனைத்திருந்தாலும் அது மங்கியிருக்கும். சாயங்காலம் தாயார் வந்தபோது, இது எப்போது கொடுத்தது என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு. பழசையெல்லாம் எரிச்சிட்டு இதைக் குடுத்தேன். ஏன்?"

"சும்மாதான் லாத்தா" என்றேன். அவர் வீட்டுக்குப் போனார்.

அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எட்டு ஒன்பது மாதம் கழித்துத்தான் இந்த ரமலான் வந்தது. விலக்கே வராதவளுக்கு விட்டுப்போன நோன்பு எது? களா எது? மார்க்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் கதவுக்குக் காவல் நின்றிருக்கிறேன், அந்தக் கதவுக்குப் பின்னால் பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறாள். இது டாக்டரம்மாவுக்குத் தெரிய வழியில்லை. மற்ற மிசிகளுக்கும் தெரிய வழியில்லை. அந்த ஆஸ்பத்திரியிலேயே இதைக் கண்டுபிடித்திருக்கவேண்டியவள் நான் ஒருத்திதான்.

மாலை பாங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு கிண்ணத்தில் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனேன். துணிக்கட்டை அவள் மடியில் வைத்தேன்.

"எப்ப நின்னுச்சு?"

"ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தியே மாமி."

"அப்ப ரமலான்ல ஏழு நாள் விட்டது?"

"சும்மா விட்டேன். உம்மா நம்பணும்ல."

"ஏன்டியம்மா இப்படி?"

"நான் பெரிய மனுஷி ஆனதும் பள்ளிக்கூடத்த நிப்பாட்டிட்டாங்க. மொத ரமலான்ல நோன்பு புடிச்சேன், மெலிஞ்சேன். அப்புறமும் கட்டாயமில்லாத சுன்னத்து நோன்புன்னு புடிச்சேன். அது நின்னுபோச்சு. சரி, இனிமே நான் சின்னப் புள்ளதானே, திரும்ப அனுப்புவாங்கன்னு நெனச்சேன். ஒடனே சொன்னா கஷாயம் குடுத்து வரவச்சிருவாங்க. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன்." மூச்சு வாங்கினாள். "இப்ப நானே சாப்புடணும்னு நெனச்சாலும் முடியல மாமி. சோத்தப் பாத்தா பயமா இருக்கு. டாக்டரம்மாட்ட சொல்லாதீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "ஒடம்புக்கு முடியாதவளுக்கு நோன்பு இல்லைன்னு எனக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சும் நான் சொல்லல. ஒன் மேல ஒரு தப்புன்னா என் மேல ரெண்டு. நாளைக்கு நான் டாக்டரம்மாட்ட சொல்லத்தான் போறேன். ஒன்னைக் கேட்டுக்கிட்டு இல்ல, ஒன்கிட்ட சொல்லிட்டுச் சொல்றேன். இப்ப பாங்குக்குக் காத்திருக்கவேணாம். குடி."

கரண்டியை அவள் கையில் கொடுத்தேன், ஊட்டவில்லை. கொஞ்சம் சிந்தியது. முதல் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் என்னையே பார்த்தாள். நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விழுங்கினாள். மூன்று கரண்டி. அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் எட்டு மணிக்கே டாக்டரம்மாவின் அறைக்கு முன்னால் நின்றேன். வேலை போய்விடும் என்று நிச்சயமாக நினைத்தேன். பக்கத்து மேசையில் குழாயைக் கொதிக்கவைத்துத் துணிமேல் வைத்திருந்தார்கள். ஒன்று விடாமல் சொன்னேன், நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கறுப்பு நோட்டைத் திறந்து, மைமூன் வந்த முதல் நாள் பக்கத்துக்குப் போனார். ஒவ்வொரு பதிலாகப் படித்து "பெத்துல்?" என்று கேட்டார். உண்மை இல்லாததைச் சிவப்பு மையால் அடித்தார். என் முன்னாலேயே அடித்தார். அன்றைக்கு நான் பட்ட வெட்கத்துக்கு நாலு அடி வாங்கியிருக்கலாம். கடைசியில் கீழே தன் கையால் இரண்டு வரி எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார். சமயம் என்றதும் டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை, அது டாக்டரின் தவறு என்று எழுதியிருந்தார்.

"குழாயை மூன்று நாள் தள்ளிப்போடுகிறேன். ஒவ்வொரு வேளையும் நீ பக்கத்தில் இருக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான், ஒரேயடியாகக் கொடுத்தாலும் இதயம் தாங்காது. மூன்றாம் நாள் எடை இறங்கியிருந்தால் குழாய்தான்."

அந்த மூன்று நாளும் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆறு வேளை, ஒவ்வொன்றும் சிறு கிண்ணம். ஒரு கிண்ணம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். கெஞ்சக்கூடாது, மிரட்டக்கூடாது, புகழவும் கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. வேறு ஏதாவது பேசலாம். எனக்கு என்ன தெரியும்? தொங்கான் கதை சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் படித்த பூகோளத்தைச் சொன்னாள். இரண்டாம் நாள் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று கத்தினாள். துடைத்துவிட்டு வேறு கிண்ணம் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவள் சுவரைப் பார்த்து நின்றாள். டாக்டரம்மா தராசின் குண்டை நகர்த்தினார், கம்பி ஆடியது. மறுபடி நகர்த்தினார். இரண்டும் ஒத்துவந்தன. எழுதிவிட்டு, என்னிடம் "குழாயை எடுத்து அலமாரியில் வை" என்றார்.

மைமூன் ஏழு வாரம் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டரம்மா முதலாளியை வரவழைத்தார். பெண்ணுக்கு மருந்து பள்ளிக்கூடம்தான், மாதவிலக்கு திரும்பி வரும்வரையாவது அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி படுப்பாள் என்றார். முதலாளி சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றார். கடைசியில் "சரி, அந்தக் கெடு வரைக்கும்" என்றார். கெடு என்ற சொல் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. சுகமானால் பள்ளிக்கூடம் போய்விடும் என்றால் எந்தப் பிள்ளைக்குச் சுகமாக ஆசை வரும்?

ஆனாலும் பிள்ளை தேறினாள். செவ்வாய்க்கிழமைதோறும் தாய் தகப்பனோடு எடை பார்க்க வருவாள், அப்புறம் மாதம் ஒரு தடவை. புத்தகப் பையோடு வருவாள். கன்னத்தில் நிறம் வந்தது. எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ, எடை பார்க்கும் அறையில் என் காதோடு சொன்னாள்.

"வந்துருச்சு மாமி. போன வாரம். உம்மாதான் மொதல்ல பாத்தாங்க." சொல்லிவிட்டுத் தேம்பினாள். "இனிமே பள்ளிக்கூடம் போயிரும்ல. நான் மறுபடி சாப்புடலைன்னா?"

டாக்டரம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் நோட்டில் எழுதினார், அன்றைக்குத்தான் அவர் இரண்டாம் தடவையாகச் சிரித்தது. பிள்ளை அழுகிறாள் என்றதும் சிரிப்பு நின்றது. "இன்னும் ஒரு வருஷம் படிக்கவேண்டும் என்று தகப்பனிடம் சொல்" என்று என்னை அனுப்பினார்.

முதலாளி நடையில் நின்றிருந்தார், பின்னால் லாத்தா. நான் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் குடையைத் தரையில் ஊன்றியபடி, வாசலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கெடு வந்துருச்சா இல்லையா? அத மட்டும் சொல்லு. வந்துட்டா நாளையிலேர்ந்து வீட்டுல இருக்கட்டும்."

மைமூன் எடை அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பொய்யால் இந்தப் பிள்ளையைச் சாகக் கிடத்தியவள் நான். இனி இவள் விஷயத்தில் பொய் சொல்வதில்லை என்று தொழுகைப் பாயில் உட்கார்ந்து அழுதவள். உண்மையைச் சொன்னால் அடுத்த மாதமே அவள் மறுபடி தட்டைத் தள்ளுவாள், அந்த இதயம் இன்னொரு தடவை தாங்காது. என்ன சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்தேன்.

"இன்னும் வரலைங்க" என்றார் லாத்தா.

முதலாளி திரும்பிப் பார்த்தார். லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், அவ்வளவுதான். முதலாளி என்னைப் பார்த்தார்.

"ஆமா மொதலாளி. இன்னும் வரலை" என்றேன்.

அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு ரிக்ஷா கூப்பிட வெளியே போனார். லாத்தா என்னைப் பார்க்கவில்லை. நேரே மகளிடம் போய், கண்ணைத் துடைத்துவிட்டு, கீழே கிடந்த புத்தகப் பையை எடுத்து அவள் தோளில் மாட்டினார்.

"அழுவாத. வா, காலையில பள்ளிக்கூடம் இருக்கு. சாப்புட்டுத்தான் போகணும்."